வெங்காயம் உரித்து முடியும் வரை

முறத்தில் இருக்கிற சின்ன வெங்காயம் உரித்து முடியும் வரைதான் எனக்கு நேரம். அப்படித்தான் பேச்சு. அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட உட்கார மாட்டேன், கறிக்குழம்பு கூட்ட வேண்டும் என்று தமயந்தி சொல்லிவிட்டாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள். இந்தத் தடவையும் என் மூஞ்சி பழைய மூஞ்சியாகவே வந்தால் இனி சாகும் வரைக்கும் உங்கள் கேமரா முன்னால் வந்து உட்கார மாட்டேன், நீங்களும் கேட்கக் கூடாது. சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். என் மனைவி சொன்னால் சொன்னதுதான், கல்யாணமாகி இருபத்து நான்கு வருடமாகப் பார்க்கிறேன், என் பெரியம்மா வீட்டுக்கு வர மாட்டேன் என்று ஒருமுறை சொன்னவள் அந்தத் தெரு வழியாகக்கூட இன்று வரை போனதில்லை. ஆக என் எதிர்காலம் இப்போது அந்த முறத்தில் கிடக்கிறது, பாதிக்கு மேல் இருக்கிறது, அவள் கை வேகம்தான் பயமாக இருக்கிறது. சமையலறைப் பின்வாசல் படியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். நான் எதிரே பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு, லுங்கியும் பனியனுமாக உட்கார்ந்திருக்கிறேன், அசைந்தால் பக்கெட் முனகுகிறது, அசையக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்திருக்கிறார். காலை வெயில் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பி வந்து தமயந்தியின் இடது கன்னத்தில் விழுகிறது. போன வாரம்தான் இதைக் கண்டுபிடித்தேன், பல் துலக்கிக்கொண்டே, வாயில் நுரையோடு. இத்தனை வருடம் இந்த இடத்தில்தான் பல் துலக்குகிறேன், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாள் திரும்பிப் பார்த்ததில்லை. நேராக வருகிற வெயில் முரடு சார், எதிலாவது பட்டுத் திரும்பி வருகிற வெளிச்சம்தான் முகத்துக்கு நல்லது என்று இலக்கியா சொல்லியிருக்கிறாள். இலக்கியா எங்கள் டீச்சர். கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிற பெண், நாமக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் வகுப்பு நடத்துகிறாள், நான்தான் அங்கே வயதில் மூத்த மாணவன். இந்த வாரத்து வேலை, கூட வாழ்கிறவர் ஒருவரின் முகம்.

அப்பர்ச்சர் இரண்டு புள்ளி எட்டு, ஐ.எஸ்.ஓ. நானூறு, ஷட்டர் இருநூற்றைம்பது. மனதுக்குள் மந்திரம்போல ஓடிக்கொண்டே இருக்கிறது, அர்த்தம் பாதி புரிந்தும் பாதி புரியாமலும். அப்பர்ச்சர் என்பது வெளிச்சம் உள்ளே வருகிற ஓட்டை, அதன் எண் குறையக் குறைய ஓட்டை பெரிதாகும் என்றார்கள், எனக்கு இரண்டு வாரம் அது தொண்டையில் நின்றது, இது என்ன தலைகீழ்க் கணக்கு என்று. தமயந்தியிடம் கேட்டேன், ஒன்பதாம் வகுப்புக் கணக்கு டீச்சர், சப்பாத்தி தேய்த்துக்கொண்டே பின்னம் என்றாள், அவ்வளவுதான், கீழே இருக்கிற எண் பெரிதானால் பங்கு சிறிதாகும், இதுகூடத் தெரியாமலா இன்ஜினியரிங் படித்தீர்கள். தெரியும், தெரிந்ததுதான், ஆனால் கேமராவுக்குள் அது வந்து உட்காரும் என்று தெரியாது. இரண்டு புள்ளி எட்டு வைத்தால் முகம் தெளிவாக இருக்கும், பின்னால் இருக்கிற கேஸ் சிலிண்டரும் துடைப்பமும் கரைந்து போய்விடும். கரையட்டும். நான் இத்தனை வருடம் எதையும் கரைய விட்டதில்லை, அதுதான் என் வியாதி. என் தொழில் அப்படி. இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட லாரியைப் போய்ப் பார்த்து, என்ன சேதம், எவ்வளவு சேதம் என்று எழுதிக் கொடுக்கிறவன். நாமக்கல்லில் லாரிக்கா பஞ்சம். அடிபட்ட வண்டியைப் படம் எடுக்க ஒரு முறை இருக்கிறது: நாலு மூலையிலிருந்தும் நாலு படம், நம்பர் பிளேட் தெரிய வேண்டும், அப்புறம் சேதமான பாகம் கிட்டத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று. நிழல் விழக் கூடாது. வண்டி நிழலில் நின்றால் தள்ளி வெளியே கொண்டுவரச் சொல்லுவேன். எல்லாம் பளிச்சென்று, முன்னும் பின்னும் ஒரே தெளிவாக, யார் பார்த்தாலும் மறுபேச்சு பேச முடியாதபடி இருக்க வேண்டும். லட்சக்கணக்கில் எடுத்திருப்பேன். ஒன்றைக்கூட இரண்டாம் முறை பார்க்கத் தோன்றியதில்லை.

அந்தக் கை வீட்டு விசேஷத்திலும் அதையே செய்தது. தங்கை பேரனுக்கு மோகனூரில் காது குத்தினார்கள், மாமன் மடியில் குழந்தை, ஆசாரி காதைப் பிடித்திருக்கிறார், எல்லாரும் தேங்காய்ப் பழத்தோடு நிற்கிறார்கள், என்னைப் படம் எடுக்கச் சொன்னார்கள். புதுக் கேமரா வாங்கிய சூடு. சாயங்காலம் வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் குழந்தையை முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, இடது பக்கம், வலது பக்கம், அப்புறம் காதில் ஓட்டை விழுந்த இடம் கிட்டத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று. அழுகிற வாய் இல்லை, மாமன் முகம் இல்லை, தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாளே அது இல்லை. நானாக எடுக்கவில்லை, கை எடுத்திருக்கிறது. மறுவாரம் வகுப்பில் அதைத்தான் காட்டினேன், வேறு இல்லை. இலக்கியா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள், சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது, கடைசியில், "சார், இந்தக் குழந்தைக்கு எவ்வளவு கிளெய்ம் வரும்?" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், சிரிக்காமல் என்ன செய்ய. வீட்டுக்கு வந்து தமயந்தியிடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பு, சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. அதுதான். அந்த முகம்தான் எனக்கு வேண்டும். அதை யாரும் படத்தில் பார்த்ததில்லை. படத்தில் அவள் வேறு ஆள்.

எங்கள் கல்யாண ஆல்பத்தை யார் எடுத்துப் பார்த்தாலும் முதல் கேள்வி, பொண்ணுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லையா. தாலி கட்டுகிற படத்தில் நான் ஈயென்று இளித்துக்கொண்டிருக்கிறேன், அவள் யாரையோ அடிக்கப் போகிறவள் மாதிரி பார்க்கிறாள். புருவம் இரண்டும் நெருங்கி, உதடு இறுகி, கழுத்து கொஞ்சம் முன்னால் நீண்டு. என் அத்தைமார் இரண்டு பேர் இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள், சீர் குறைந்ததில் கோபம் என்று ஒருத்தி, மாப்பிள்ளை குள்ளம் என்பதில் கோபம் என்று இன்னொருத்தி. ஒரு கோபமும் இல்லை, பசிகூட இல்லை, நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன் என்று அவள் சொல்லுவாள். மகள் வர்ஷா பிறந்தபோது எடுத்த படத்திலும் அதே முகம், மடியில் குழந்தை, குழந்தையைக் களவாட வந்தவனைப் பார்ப்பதுபோல. பள்ளிக்கூட ஐ.டி. கார்டில் அந்த முகம் அவளுக்கு உதவியாக இருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பாள், கார்டைக் காட்டினாலே பையன்கள் வாயை மூடிக்கொள்கிறார்களாம். ஆனால் எல்லாச் சிரிப்பும் சிரிப்பில்லை. ஒருநாள் பழைய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஆல்பத்தை மூடிவிட்டு, இத்தனை வருசமும் நான் இப்படித்தான் இருந்திருக்கேன் போல, நீங்கதான் சொல்லாம விட்டுட்டீங்க என்றாள். இல்லை என்று எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. அன்றைக்குத்தான் அவள் படமே வேண்டாம் என்று ஆரம்பித்தது. அவள் படத்தை நம்புகிறாள், என்னை நம்பவில்லை. எனக்கு அதில் கோபம், அவள் மேல் இல்லை, கேமராக்கள் மேல்.

இருக்கட்டும். கோபம் மட்டும்தானா, வேறு ஒன்றும் இல்லையா. இருக்கிறது, அதை நினைக்க வேண்டாம் என்றுதான் அப்பர்ச்சர் ஐ.எஸ்.ஓ. என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். காலங்காத்தால, ஞாயிற்றுக்கிழமை, கறி வாங்கி வைத்திருக்கிற நாளில், அதை நினைப்பானேன். நினைக்காதே என்றால்தான் மனது அங்கேயே போய் உட்காருகிறது. குழந்தைவேல். என்னோடு ஒரே ஆபீஸ், எனக்கு இரண்டு வயது மூத்தவர், அவர் மனைவி சரசு போன ஆடியில் திடீரென்று போய்ச் சேர்ந்தாள், ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவள். கருமாதிக்கு நானும் தமயந்தியும் போயிருந்தோம். நடு ஹாலில் மாலை போட்ட படம் பெரிதாக மாட்டியிருந்தது. வீடு முழுக்கத் தேடியும் சரசு தனியாக இருக்கிற படம் ஒன்றுகூட இல்லையாம், கும்பலில் ஓரமாக நிற்கிறாள், இல்லாவிட்டால் பந்தியில் பரிமாறிக்கொண்டு குனிந்திருக்கிறாள். கடைசியில் ஆதார் கார்டில் இருந்த படத்தைப் பெரிதாக்கி, ஸ்டூடியோக்காரர்கள் யாருடையதோ ஒரு பட்டுப்புடவையைக் கழுத்துக்குக் கீழே ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். புள்ளி புள்ளியாக ஒரு முகம். குழந்தைவேல் என் பக்கத்தில்தான் நின்றார். அழவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டு, "இது சரசு இல்லீங்க" என்றார். அப்புறம், "சரசு எப்படி இருப்பான்னு கேட்டா எனக்கும் இப்ப இந்த மூஞ்சிதான் வருது" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வரும்போது பைக்கில் தமயந்தி பின்னால் உட்கார்ந்து என்னவோ கேட்டாள், காதில் விழவில்லை, எனக்கு முன்னால் ரோடே தெரியவில்லை, எங்கள் வீட்டு ஹாலில் அந்தக் கோபமான மூஞ்சிதான் மாலையோடு தெரிந்தது. மறுமாதம் கேமரா வாங்கினேன். ஏன் என்று கேட்டாள். ரிட்டயர் ஆனால் பொழுது போக வேண்டாமா என்றேன். ரிட்டயர் ஆக இன்னும் ஏழெட்டு வருடம் இருக்கிறது. இதை எப்படி அவளிடம் சொல்லுவது. நீ செத்தால் மாட்ட ஒரு படம் வேண்டும், கொஞ்சம் சிரி என்றா. சொன்னால் கையில் இருக்கிற கத்தியாலேயே ஒரு வழி பண்ணிவிடுவாள்.

பக்கெட் முனகியது. நான்தான் அசைந்திருக்கிறேன். முறத்தில் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. எடுக்க வேண்டும், நினைத்துக்கொண்டே இருந்தால் ஆகாது. கண்ணை வைத்தேன், அவள் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், நன்றாக இருக்கிறது, தோல் சருகு ஒன்று மூக்கின் மேல் ஒட்டியிருக்கிறது, அதன் வழியாக வெளிச்சம் ரோஜா நிறத்தில் தெரிகிறது. முகத்தில் பாதி வெளிச்சம், பாதி நிழல். நிழல். கை தானாக இறங்கி, அம்மிணி, கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி உட்காரு, நிழல் விழுது என்று சொல்லியே விட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. நிழலுக்குத்தானடா இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாய். அதற்குள் அவள் தள்ளி உட்கார்ந்துவிட்டாள். இல்லை இல்லை, பழைய இடத்துக்கே வா என்றேன். வந்தாள், வந்த வேகத்தில் மூக்கில் இருந்த சருகு பறந்துவிட்டது. போச்சு. ஷட்டரை அமுக்கினேன், டிக். அமுக்குவதற்கு ஒரு கணம் முன்னால் அவள் நிமிர்ந்துவிட்டாள், அதே புருவம், அதே உதடு, கல்யாண ஆல்பம். இன்னொன்று, டிக். அதே. சிரி என்றேன். சிரித்தாள், உதடு மட்டும் விரிந்தது, கோபக்காரி இளிப்பதுபோல, முன்னதைவிட மோசம். கூடவே கண்ணில் வெங்காயத் தண்ணீர் வேறு. திரையில் பார்த்துவிட்டு கேமராவைத் துடைக்கிற மாதிரி நடித்தேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான்தான் முதலிலேயே சொன்னேனே, என் மூஞ்சியே அப்படித்தான், எதுக்கு உங்களுக்கு இந்தப் பாடு என்று கேட்டாள், குரலில் வருத்தமில்லை. கை மட்டும் நிற்கவில்லை, உரித்த வெங்காயம் கிண்ணத்தில் டொக் டொக்கென்று விழுகிறது, மேல்புறத் தோல், அடிப்புறத் தோல், டொக்.

இலக்கியாவிடம் ஒருநாள் கேட்டேன், எனக்கு இந்தக் கலைக்கண் எல்லாம் வருமா, இல்லை சர்வே ரிப்போர்ட்டோடு போய்விடுமா என்று. அவள் யோசித்துவிட்டு, சார், ஒரு வண்டியைப் பார்த்ததும் உங்களுக்கு முதலில் என்ன தெரியும் என்று கேட்டாள். சேதம் என்றேன். அது எல்லாருக்கும் தெரியும், உங்களுக்கு என்ன தெரியும் என்றாள். அப்போது பதில் வரவில்லை. இப்போது வருகிறது, இந்தப் பக்கெட்டின் மேல். எனக்குச் சேதம் தெரிவதில்லை, சேதத்துக்கு முன்னால் நடந்தது தெரியும். வண்டி நின்றுகொண்டிருந்தது, அவன்தான் வந்து இடித்தான் என்று டிரைவர் சத்தியம் பண்ணுவார். நான் கீறலைத் தடவிப் பார்ப்பேன். கீறல் ஆழமாகத் தொடங்கி எந்தப் பக்கம் மெலிந்து போகிறதோ அந்தப் பக்கமாகத்தான் அடி நகர்ந்திருக்கிறது. தகரம் எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது, அடுத்தவன் பெயிண்ட் எங்கே ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான், வண்டி நின்றதா ஓடியதா, பிரேக் போட்டாரா தூங்கிவிட்டாரா, எல்லாம் கண்முன்னால் ஓடும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, பார்த்துப் பார்த்து வந்தது. இந்தக் கண் என்னிடம் இருக்கிறது. இருக்கிற கண்ணை வைத்துக்கொண்டு பார்க்காமல், எவனோ எடுத்த அழகான படங்களை மனதில் வைத்துக்கொண்டு அவளைச் சிரி சிரி என்றால் எப்படி. பாரு. இந்த முகத்துக்கு முன்னால் என்ன நடந்தது, பாரு. கேமராவை மடியில் இறக்கி வைத்தேன். என்ன, அவ்வளவுதானா என்றாள். இல்லை, நீ உரி என்றேன். பார்த்தேன்.

அவள் உரிக்கிறாள். புருவம் தளர்ந்துதான் இருக்கிறது. உதடு ஏதோ முணுமுணுக்கிறது, பாட்டோ வாய்ப்பாடோ. நன்றாகத்தான் இருக்கிறாள். மேலே தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் மாறியது, நிரம்பப் போகிறது. சட்டென்று புருவம் நெருங்கியது. உதடு இறுகியது. கழுத்து முன்னால் நீண்டது. அதே முகம். கல்யாண ஆல்ப முகம், ஐ.டி. கார்டு முகம். ஏனுங்க, மோட்டாரை நிறுத்திட்டு வாங்க, தொட்டி வழியப் போகுது என்றாள். போய் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன், முகம் தளர்ந்துவிட்டிருந்தது. எனக்குள் ஏதோ ஓடத் தொடங்கியது. தெருவில் பால்காரரின் ஹாரன், புருவம் நெருங்கியது, நம் வீட்டுக்கு இல்லை என்றதும் தளர்ந்தது. அடுப்பில் குக்கர் முதல் விசிலுக்குச் சீறத் தொடங்கியது, கழுத்து நீண்டது, விசில் அடித்து முடித்ததும் முணுமுணுப்பு திரும்ப வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபமில்லை. ஒரு நாளும் கோபமில்லை. காது கொடுக்கிறாள். இந்த வீட்டில் விசிலும் மோட்டாரும் போனும் காலிங் பெல்லும் எல்லாம் அவள் காதில்தான், எனக்கு ஒன்றும் கேட்பதில்லை என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன், மகள் மெட்ராஸிலிருந்து போன் பண்ணி ஹலோ சொல்லுகிற விதத்திலேயே சளியா சண்டையா என்று சொல்லிவிடுவாள். அப்படிக் காது கொடுக்கும்போது வருகிற முகம் அது. கேமரா முன்னால் உட்கார வைத்து, ரெடி, எடுக்கப் போறேன் என்றால் அவள் என்ன செய்வாள், டிக் சத்தத்துக்குக் காது கொடுப்பாள். விசிலுக்குக் காத்திருப்பதுபோல. சத்தம் வந்ததும் முகம் தளரும், ஆனால் அதற்குள் படம் விழுந்துவிட்டிருக்கும். எல்லாப் போட்டோகிராபரும் அவள் காத்திருந்த அந்த ஒரு கணத்தைத்தான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மண்டபத்தில் ஒருத்தன், ஆஸ்பத்திரியில் ஒருத்தன், பள்ளிக்கூடத்தில் ஒருத்தன், இப்போது நான். இவ்வளவுதானா என்று இருந்தது. அப்படி ஒரு சந்தோஷம். டிரைவர் பொய் சொல்லுகிறார் என்று கண்டுபிடித்த நாட்களில்கூட இப்படி இருந்ததில்லை.

சத்தம் இல்லாமல் எடுக்கலாம். இந்தக் கேமராவில் ஒரு வசதி இருக்கிறது, ஷட்டர் ஓசையே வராது, கோயில் கல்யாணத்தில் மந்திரம் சொல்லும்போது இதை வையுங்கள் என்று இலக்கியா காட்டியிருக்கிறாள். எங்கே காட்டினாள். மெனுவில் ஏழெட்டுப் பக்கம், ஒவ்வொன்றிலும் பத்து வரி. எனக்கு வேண்டியது மட்டும் எங்கும் இல்லை. முறத்தில் ஒரு கை அளவுதான் மிச்சம். தேதி மாற்ற வேண்டுமா என்கிறது, வேண்டாம். மெமரி கார்டை அழிக்கவா என்கிறது, ஐயோ வேண்டாம். வியர்க்கிறது. அவள் கடைசிச் சில வெங்காயங்களை விரலால் ஒதுக்கி ஒன்றாகச் சேர்க்கிறாள். கிடைத்தது. சைலன்ட். ஃபோகஸ் ஆகும்போது வருகிற பீப் சத்தத்தையும் நிறுத்தினேன். நிழல் இருக்கட்டும், சிலிண்டர் கரையட்டும், நம்பர் பிளேட் ஒன்றும் வேண்டாம். கண்ணை வைத்து, சரி அம்மிணி, இப்போ எடுக்கிறேன், ரெடி என்றேன். சொன்ன மாதிரியே புருவம் நெருங்கியது, உதடு இறுகியது, கழுத்து நீண்டது. நான் அமுக்கவில்லை. காத்திருந்தேன். அவளும் காத்திருந்தாள். சத்தம் வரவில்லை. இன்னும் வரவில்லை. எடுத்தாச்சுங்களா என்றாள். இல்லை என்றேன். மறுபடி காது கொடுத்தாள். நான் அசையவில்லை, மூச்சு விடவில்லை. பக்கெட் மட்டும் நீளமாக, அசிங்கமாக ஒரு முனகல் முனகியது. அவள் அதைக் கேட்டாள், என்னைப் பார்த்தாள், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒற்றைக்கண்ணை மூடி மூச்சடக்கி உட்கார்ந்திருக்கிற ஒரு ஐம்பது வயது ஆளை. அவ்வளவுதான், தாங்கவில்லை. தலை பின்னால் சாய்ந்து, வெங்காயக் கை காற்றில் நிற்க, வாய் விட்டுச் சிரித்தாள், தண்ணீர் கோத்த கண்ணோடு, சுவர் வெளிச்சம் முழுக்கக் கன்னத்தில். அமுக்கினேன். அமுக்கினேன். அமுக்கினேன். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தாள், சிரித்து முடித்து, சிரிப்பின் மிச்சம் கண்ணில் இருக்க, முந்தானையால் மூக்கைத் துடைக்கப் போகும்போது ஒன்று. அதுதான் படம் என்று அமுக்கும்போதே தெரிந்தது.

காட்டத்தான் பயம். சுவரில் மாட்டுகிற பயமெல்லாம் போய், இவளுக்குப் பிடிக்க வேண்டுமே என்கிற பயம் மட்டும் பெண் பார்க்கப் போன அன்றைக்குப்போலவே வந்தது. முறம் காலி. அவள் எழுந்து சருகையெல்லாம் உதறிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கொண்டாங்க பார்க்கலாம் என்றாள். கொடுத்தேன். வெளிச்சம் பட்டால் திரை தெரியாது என்று முந்தானையால் மறைத்துக்கொண்டு பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். புருவம் நெருங்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்தாள், பெரிதாக்கிப் பார்த்தாள், திரும்பச் சிறிதாக்கினாள். இது நான்தானுங்களா என்று மெதுவாகக் கேட்டாள். தினமும் இதுதான், நான் சொன்னால் நீ நம்புவதில்லை என்றேன். நல்லாத்தான் இருக்குது என்றாள். அழகாக இருக்கிறாய் என்றேன், வெளியே சொல்லி எத்தனை வருடம் ஆகிறதோ. அவள் அதைக் கேட்காததுபோல இன்னும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தலையைத் தூக்காமலே பேசினாள்.

"குழந்தைவேலண்ணன் ஊட்டுல இருந்து வந்த நாள்ல இருந்து நீங்க கேமரா கேமரான்னு அலையறீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

அப்படியெல்லாம் இல்லை என்று ஆரம்பித்தேன், முடிக்க வரவில்லை. அவள் கோபப்படவில்லை. குக்கர் இரண்டாம் விசில் அடித்தது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"செரி, என்னுது ஆச்சு. உங்களது எங்கீங்க?"

எது என்றேன். படம் என்றாள். யோசித்தேன். எல்லாப் படத்தையும் நானே எடுத்திருக்கிறேன். சுற்றுலாவில் அவளும் வர்ஷாவும், பொங்கலுக்கு அவர்கள், பிறந்தநாளுக்கு அவர்கள். எனக்கு லைசென்ஸில் ஒன்று இருக்கிறது, ஆதாரில் ஒன்று இருக்கிறது.

"நீங்க முன்னால போயிட்டா நான் எதைங்க மாட்டறது?"

கணக்குக் கேட்கிற குரல்தான், ஆனால் கண் அப்படி இல்லை. கேமராவின் வாரை எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள், எதை அமுக்க வேண்டும் என்று கேட்டாள், காட்டினேன். உட்காருங்க என்றாள். இரு, ஒரு நிமிடம், சட்டை போட்டுக்கொண்டு, தலை வாரிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று எழுந்தேன். பனியனில் தோள்பட்டையில் ஒரு ஓட்டை வேறு. அவள் என் தோளைப் பிடித்துப் பக்கெட்டின் மேலேயே உட்கார வைத்தாள்.

"சட்டையெல்லாம் வேண்டாங்க. இப்படியே இருங்க. எனக்கு உங்களை இப்படித்தான் தெரியும்."

உட்கார்ந்தேன்.